அனைவரும் வரலாம்

டிசம்பர் 7, வியாழன்

'நகரில் இந்த வாரம்' பக்கம் ஒருவழியாக முடிந்தது. குளிர் இறங்கிவிட்டால் கோவையில் எல்லாருக்கும் எதையாவது நடத்தியாக வேண்டும். பழைய கார்களின் அணிவகுப்பு, ரோஜாக் கண்காட்சி, இயற்கை விவசாயிகள் சந்தை, ஓட்டப் பந்தயம், நாய்க் கண்காட்சி. எல்லாவற்றையும் சுருக்கி, எங்கே, எப்போது, நுழைவு இலவசமா என்று போடுவதுதான் என் வேலை. "இதுல ஒண்ணுக்காச்சும் நீங்க போயிருக்கறீங்களாக்கா?" என்று பக்கம் கட்டும் ஜோதிமணி இன்று கேட்டாள். நேரம் எங்கே இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் பொம்மலாட்டக்காரர்கள் போன் செய்து, குழுவில் இருவருக்குக் காய்ச்சல், நிகழ்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியை எடுத்ததும் பக்கத்தின் அடியில் ஓட்டை விழுந்தது.

"எடம் காலியா நிக்குதுங்கக்கா. அஞ்சாறு வரி குடுங்க, அச்சுக்கு அனுப்பிரலாம்," என்றாள் ஜோதிமணி.

கையில் ஒன்றும் இல்லை. போன வாரம் பேருந்தில் வரும்போது நாச்சிக்குளத்தில் வெள்ளையாகச் சில பறவைகள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எழுதிக் கொடுத்தேன்: 'நாச்சிக்குளத்தில் பறவை பார்க்கும் நடை. ஞாயிறு அதிகாலை, குளத்தின் நுழைவாயிலில் இருந்து. கட்டணம் இல்லை. வயது வரம்பு இல்லை. அனைவரும் வரலாம்.' கடைசி இரண்டு வாக்கியமும் இடம் நிரம்பவில்லை என்பதற்காகச் சேர்த்தது.

யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் குளிரில் விடிகிற நேரத்துக்கு ஊருக்கு வெளியே யார் போகப் போகிறார்கள். அப்படியே போனாலும் பறவைகள் அங்கே இருக்கத்தானே செய்யும்.

டிசம்பர் 8, வெள்ளி

பக்கம் பார்க்க நன்றாக வந்திருக்கிறது. காஸ் பதிவு செய்தேன். கம்பளியை வெயிலில் போட்டேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. சும்மா படுத்திருப்பதற்குப் போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். யாரும் இருக்க மாட்டார்கள் என்று உறுதிப்படுத்திக்கொண்டால் மனசு லேசாகும். தலைக்குத் தொப்பி, தோளில் அலுவலகப் பை.

குளத்தின் வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள், ஸ்வெட்டர் போட்ட ஒரு வங்கிக்காரர். கொஞ்சம் தள்ளி, கல்லின் மேல் துண்டை விரித்து ஒரு பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு ஓர் அம்மா. அவருக்கு மப்ளர், குல்லாய், காலுறை எல்லாம் போட்டு, புதுச் செருப்பும் மாட்டி விட்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்களும் பேப்பரப் பாத்துட்டுத்தான் வந்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களோடு சேர்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்து, யாரும் வரவில்லையே என்று நானும் குறைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அதற்குள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்கதான் கூட்டிட்டுப் போறவங்களா?" என்றாள்.

"ஆமாங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நின்று நின்று குளிர்ந்து போயிருந்தவர்களுக்கு ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள் என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

கரைமேல் நடந்தோம். எனக்குத் தெரிந்தது கொக்கு, மீன்கொத்தி, காகம். நீரில் மூழ்கி மூழ்கி எழுந்த கறுப்புப் பறவையை ஒருவகை வாத்து என்றேன். அது நீர்க்காகம் என்று வீட்டுக்கு வந்து போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரியாததற்கெல்லாம் "இது வெளிநாட்டுல இருந்து வர்றது" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த அம்மாவின் பெயர் இந்திராணி. பெரியவர் அவருடைய கணவர் குழந்தைவேலு. பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறதாம். வலது கால் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. "பேச்சு செரியா வரமாட்டீங்குது. ஆனா நாம சொல்றதெல்லாம் புரியுமுங்க," என்றார். நான் உளறிய ஒவ்வொன்றையும் அவர் காதருகே குனிந்து திருப்பிச் சொன்னார். வெளிநாட்டில் இருந்து வருவது என்பதையும்.

முடிந்ததும் பிளாஸ்கில் இருந்து எல்லாருக்கும் சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். எனக்குத்தான் முதல் டம்ளர். "உங்க பேரென்னங்க?" என்றார்.

"கோகிலவாணி."

"பேர்லயே குயில் இருக்குது பாருங்க," என்று கணவரிடம் சொன்னார்.

இந்திராணியும் கல்லூரிப் பெண்களும் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறும் உண்டா என்று வங்கிக்காரர் கேட்டார். பேப்பரில் வரும் என்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

ஆசிரியர் சௌந்தரபாண்டியன் சார் கூப்பிட்டார். ஒரு வாசகர் போன் செய்து குளத்து நடையைப் பாராட்டினாராம். "இந்த மாதிரி புதுசாத் தேடிப் போடும்மா. எல்லாரும் ரோஜாப்பூவையே எத்தனை வருசம் பாக்கறது," என்றார். சரி சார் என்றேன்.

டிசம்பர் 14, வியாழன்

மறுபடியும் போட்டேன். இப்போது அது பொய் இல்லை. நான் போகப் போகிறேன், அவர்களும் வரப் போகிறார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு வேறென்ன வேண்டும்.

பறவைப் படங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை. சுலபமாகத்தான் இருக்கிறது. பாதுகாப்பாக நடக்க ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். வேலைக்கும் ஆகும்.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கிகள் எல்லாம் விழித்துக்கொண்ட நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். ராஜசேகர் என்னை விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துணி ஊற வைப்பதுதான் வழக்கம். இன்று ஊற வைக்கவில்லை.

கூட்டம் கூடியிருந்தது. புதிதாக ஒரு குடும்பமும் வந்திருந்தது. நான் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே இந்திராணியம்மா கையை உயர்த்திக் காட்டினார். "வா அம்முணி, உனக்காகத்தான் நிக்கறோம்," என்றார். ஒரே வாரத்தில் நான் அம்முணி ஆகிவிட்டேன்.

நடக்கும்போது பேசிக்கொண்டே வந்தார். குழந்தைவேலு ஐயா ஊர் ஊராகப் போய்க் கபடிப் போட்டிக்கு மைக் பிடித்து வர்ணனை சொன்னவராம். தை மாசம் வந்தால் வீட்டில் இருக்கவே மாட்டாராம். "இவரு குரல் கேட்டாத்தான் ஆட்டம் சூடு புடிக்கும்னு வந்து கார்ல கூட்டிட்டுப் போவாங்க. இப்ப ஒரு கல்யாணங் காச்சிக்குக்கூட ஆரும் கூப்பிடறதில்லை. பத்திரிகை வெச்சா இவரையுங் கூட்டிட்டு வந்துருவனோன்னு பயம். சோறு திங்கறப்ப வாயில வழியுமில்ல, பக்கத்துல உக்கார சங்கடப்படறாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தப் பேப்பர்க்காரங்க புண்ணியத்துல இன்னிக்கு இவரே செருப்பை எடுத்துட்டு வந்து நின்னாரு."

அப்போதுதான் அது நடந்தது. கம்பத்தில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி அம்பு மாதிரி தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. குழந்தைவேலு ஐயா கைத்தடியைத் தூக்கி, "அவுட்டு," என்றார்.

தெளிவாகச் சொன்னார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். இந்திராணியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் செய்தது தப்பு என்று யார் சொல்ல முடியும்.

டிசம்பர் 19, செவ்வாய்

மத்தியானம் அலுவலகத்துக்கு ஒரு போன். பெனடிக்ட் என்று ஒருவர். பறவை ஆர்வலர் குழு ஒன்றைப் பல வருடமாக நடத்துகிறாராம்.

"நாச்சிக்குளத்துல நடை போட்டிருக்கீங்களே, யாரு நடத்தறாங்க மேடம்?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"ஐப்பசி மழையில மதகுப் பக்கம் கரை உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சு. மேல பாத்தா நல்லாத்தான் தெரியும். கால் வெச்சா சரியும். அதனால நாங்களே இந்த சீசன்ல அங்க ஆளுகளைக் கூட்டிட்டுப் போறதில்லை. அவங்க நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"நானே அவங்ககிட்டச் சொல்லிடறேன் சார்," என்றேன்.

"கட்டாயம் சொல்லுங்க. வயசானவங்க வந்தா வம்பு."

சொல்லிவிடுவதாக மறுபடியும் சொன்னேன். நல்ல மனிதர். நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

டிசம்பர் 21, வியாழன்

கிறிஸ்துமஸ் வாரம். பக்கம் பிதுங்குகிறது. கேரல் பவனி, கேக் கலக்கும் விழா, குடில் போட்டி, திருப்பாவை வகுப்பு, கோலப்போட்டி. ஓட்டையே இல்லை. குளத்து நடையை விட்டுவிட நல்ல சாக்கு. ஜோதிமணிகூட "இதை எடுத்துட்டா கோலப்போட்டிப் படம் பெருசா வெக்கலாமுங்கக்கா," என்றாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

எடுத்தால் ஏன் என்று சார் கேட்பார். கரை சரியில்லை என்று சொன்னால் யார் சொன்னது, யார் நடத்துவது என்று போகும். மதகுப் பக்கம் போகாமல் இந்தப் பக்கத்துக் கரையோடு திரும்பிவிட்டால் ஆயிற்று. நான் கூடவேதானே இருக்கப் போகிறேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பனி அதிகமாக இருந்தது. கரையின் பாதியில் எல்லாரையும் நிறுத்தினேன். இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தில் இருந்து கூழைக்கடாக் கூட்டம் ஒன்று எழுந்து மதகுக்கு அருகில் இறங்கியது. கல்லூரிப் பெண்கள் அங்கே ஓடப் பார்த்தார்கள். மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். என்னைக் கேட்டார்கள். "மேடம், கிட்டப் போய்ப் பாக்கலாமா?" பதினைந்து பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மெதுவா வாங்க," என்றேன். ஏன் கூடாது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும், தெரிந்தும் ஏன் இங்கே கூட்டி வந்தீர்கள் என்ற கேள்வி வரும்.

நான் முன்னால் போனேன். கூழைக்கடாவின் அலகுப் பையைப் பற்றி, போனில் படித்ததை விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசினேன் என்று அப்போது எனக்கே தோன்றியது. வங்கிக்காரர் வீடியோ எடுத்தார். பின்னால் இந்திராணியம்மா, "இந்தப் பக்கமா வாங்க, நல்லாத் தெரியும்," என்று கணவரிடம் சொல்வது கேட்டது. அப்புறம் மண் சரிகிற சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, கோணியில் இருந்து அரிசி கொட்டுகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தபோது குழந்தைவேலு ஐயா கரைக்குக் கீழே சேற்றில் பக்கவாட்டில் கிடந்தார். குல்லாய் கழன்று ஆகாயத்தாமரை மேல் கிடந்தது. கத்தவில்லை. அவரால் கத்த முடியாது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

வங்கிக்காரரும் போன வாரம் புதிதாக வந்த குடும்பத்து ஆளும் இறங்கித் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது அதில் வந்த ஊழியர், "இதை ஆருங்க நடத்தறது?" என்று கேட்டார். கல்லூரிப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க," என்றேன்.

இந்திராணியம்மா ஆம்புலன்ஸில் இருந்துகொண்டு, "நீ பதறாத அம்முணி, ஊட்டுக்குப் போ. நான் போன் பண்றேன்," என்றார்.

வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 25, திங்கள்

விடுமுறை. போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

டிசம்பர் 27, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பு முறிந்து, நேற்று ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஹைதராபாத்தில் இருந்து மகன் நந்தகுமார் வந்திருக்கிறார். நான் ஆரஞ்சுப் பழப் பையோடு அறை வாசலில் நின்றபோது உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதாம்மா? நடக்க முடியாத மனுசனைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறவ இந்த ஊர்ல வேற ஆராச்சும் உண்டா? ஊட்டுல உக்காத்தி வெச்சு டிவி போட்டு உடுன்னு எத்தனை தடவை சொன்னேன். உனக்கு வெளிய சுத்தோணும். அதுக்கு அப்பா ஒரு சாக்கு."

இந்திராணியம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம், தப்புத்தான் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா அம்முணி. நந்து, இவங்கதான் அந்த நடைக்குக் கூட்டிட்டுப் போறவங்க. தங்கமான பொண்ணு. பாவம், என்னால இவங்களுக்கும் கெட்ட பேரு," என்றார்.

மகன் என்னைப் பார்த்து, "ஸாரி மேடம். எங்கம்மாவுக்கு எது முடியும் எது முடியாதுன்னு தெரியறதில்லை," என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்லீங்க" என்று சொன்னேன். அதுதான் என் வாயில் வந்தது. பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி வந்துவிட்டேன்.

டிசம்பர் 28, வியாழன்

பெனடிக்ட் ஆசிரியருக்கு எழுதிவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டார். "இந்த நடையை நமக்கு யார் குடுத்தாங்க?"

"போன்ல சொன்னாங்க சார்."

"நம்பர்?"

"குறிச்சு வெக்கல சார்."

சார் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, பக்கத்து அடியில ஒரு வரி போட்டுடும்மா. நிகழ்ச்சிகளுக்கு நடத்துபவர்களே பொறுப்பு, பத்திரிகை பொறுப்பல்லன்னு."

அந்த வரியை நானே அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

இந்த வாரப் பக்கத்தில் நடை இல்லை. ஆனாலும் போனேன். சாலையின் எதிர்ப்புறத்து டீக்கடையில் நின்று பார்த்தேன். கல்லூரிப் பெண்கள் இருவரும் வந்து வாசலில் நின்றிருந்தார்கள். ஒருத்தி போனில் எனக்கு அழைத்தாள். என் பைக்குள் அடித்தது. கடைக்காரர், "உங்க போனுங்களா?" என்றார். இல்லை என்று சொன்னேன். என் தோளில் தொங்கிய பையில் அடிக்கிறது, அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு இல்லை என்கிறேன். அவர் பாலை ஆற்றினார்.

வீட்டுக்கு வந்து ஊறப்போட்ட துணியைத் துவைக்க முடியவில்லை. வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். இந்திராணியம்மா கதவைத் திறந்து, "வா அம்முணி, காபி குடிக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினார்.

"காபி வேண்டாமுங்கம்மா. ஒண்ணு சொல்லோணும். கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்த நடைய ஆரும் நடத்துலீங்கம்மா. நான் அந்தப் பேப்பர்லதான் வேலை செய்யறேன். பக்கத்துல எடம் காலியா இருந்துச்சு. நானா எழுதுனேன். எனக்குப் பறவையப் பத்தி ஒண்ணும் தெரியாது. கரை அரிச்சிருக்குதுன்னு ஒருத்தர் முன்னாடியே போன் பண்ணிச் சொன்னாரு. அதையும் மறைச்சுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கரையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வயசு வரம்பு இல்லை, அனைவரும் வரலாம்னு போட்டிருந்துச்சே. அது?"

"அதுவும் எடம் ரொப்பத்தானுங்க."

"நான் அதை ரெண்டு மூணு தடவை படிச்சேன். இவருக்கும் படிச்சுக் காட்டுனேன். இவரு மாதிரி ஆளுகளையும் மனசுல வெச்சு ஆரோ எழுதியிருக்கறாங்கன்னு நெனச்சேன். ஆரும் நெனைக்கலயா?"

"இல்லீங்கம்மா."

உள்ளறையில் இருந்து மகன் வந்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார் போல. "உங்க மேல கேஸ் போடலாம், தெரியுமா மேடம்?" என்றார். தெரியும் என்றேன். அவர் இன்னும் ஏதோ பேசினார், எல்லாம் நியாயம். ஆனால் அம்மாவைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் உன்னைத் திட்டியது தப்பு என்று அவர் சொல்லவில்லை. நானாவது அதைக் கேட்டிருக்கலாம். எனக்கு என்ன தகுதி.

இந்திராணியம்மா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போங்க," என்றார். அம்முணி போய்விட்டது.

ஜனவரி 3, புதன்

சாரிடம் சொன்னேன். மூன்று வாரமும் எழுதியது பொய், போன வியாழக்கிழமை சொன்னதும் பொய். அவர் கத்தவில்லை. "உன்னை நம்பித்தானேம்மா இந்தப் பக்கத்தை நான் படிக்கறதே இல்லை," என்றார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. பக்கத்தை ஜோதிமணியிடம் கொடுத்துவிட்டார். என் வேலை இருக்குமா என்பதை முதலாளிதான் முடிவு செய்வாராம். திருத்தத்தை என் பெயர் போட்டு வெளியிடுங்கள் என்று கேட்டேன். "பத்திரிகைக்கு அசிங்கம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சரி என்றார்.

ஜனவரி 5, வெள்ளி

வந்திருக்கிறது. 'நாச்சிக்குளத்தில் பறவை பார்க்கும் நடை என்று வெளியான அறிவிப்புகள் உண்மையல்ல. அப்படி ஒரு நிகழ்ச்சியை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அங்கே கரை ஆபத்தான நிலையில் உள்ளதை அறிந்தும் எச்சரிக்காமல் விட்டது என் தவறு. வந்தவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. கோகிலவாணி.'

வந்தவர்கள் மீது தவறில்லை என்ற வரியை சார் அடித்துவிட்டிருந்தார். வேண்டும் என்று கெஞ்சித் திரும்பச் சேர்க்க வைத்தேன். மகன் படிப்பாரா என்று தெரியாது.

மாடிவீட்டு அக்கா காலையில் பேப்பரை என் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 6, சனி

கல்லூரிப் பெண் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'அன்னிக்கு டீக்கடையில உங்களைப் பாத்தோம் மேடம்.' அவ்வளவுதான்.

ஜனவரி 10, புதன்

இந்திராணியம்மா போன் செய்தார். முதல் தடவையே எடுத்தேன்.

"நந்து லீவு முடிஞ்சு போயிட்டானுங்க. தெனமுங் காலையில இவரைப் புடிச்சு நடக்க வெக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. எனக்கு ஒத்தையில தாங்க முடியல. நேத்து ரெண்டு பேருமே உழுகப் பாத்தோம். ஆள் வெச்சுக் குடுத்துட்டுப் போனான், அது ஒரு நாள் வந்துச்சு, அப்புறம் வரல. நீங்க வர முடியுமுங்களா? பேச்சுக்கெல்லாம் வேண்டாம். புடிச்சுக்கறதுக்கு."

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 11, வியாழன்

போனேன். கூடத்தின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை. வலது பக்கம் நான், இடது பக்கம் இந்திராணியம்மா. அவர் என்னிடம் பேசவில்லை. கணவரிடம்தான் பேசினார். "செரி, இன்னொரு அடி வெய்யுங்க." குழந்தைவேலு ஐயா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும் என்று முதல் நாளே சொன்னார்கள். நான் உண்மையைச் சொன்ன அன்று அவரும் அந்த வீட்டுக்குள்தானே படுத்திருந்தார்.

புறப்படும்போது தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். போகலாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். வீட்டில் பொங்கல் வைத்திருந்தார்கள். நடந்து முடித்ததும் வந்துவிட்டேன்.

ஊரெல்லாம் நிகழ்ச்சி. ஜோதிமணி பக்கத்தை நன்றாகவே செய்கிறாள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு உறுதி செய்கிறாள். என்னை விளம்பரப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு, மணமகள் தேவை, தொலைந்த நாய்.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று குழந்தைவேலு ஐயா வாசல்வரை வந்து, வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அம்மா கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்தார். ஐயா நடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் என்னைக் காட்டி, "ஆருங்க இவங்க? நர்சுங்களா?" என்று கேட்டார்.

நான் இந்திராணியம்மாவைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தேன்.

"நர்சு இல்லீங்க. குளத்துக்குப் போனமுன்னு சொன்னனில்ல, அதைப் பொய்யா எழுதிப் போட்டது இவங்கதான்," என்றார். குரலில் கோபம் இல்லை. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

எதிர்வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க இவங்களை ஊட்டுக்குள்ள உடறீங்க?"

"புடிக்க வேற ஆளில்லீங்க," என்றார் இந்திராணியம்மா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "திரும்புங்க, போலாம்," என்றார்.

குழந்தைவேலு ஐயா திரும்புவதற்காகக் காலைத் தூக்கினார். அவர் கனம் முழுக்க என் தோளில் இறங்கியது. எதிர்வீட்டு அம்மா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ள எனக்கு ஒரு கை வேண்டியிருந்தது. இரண்டு கையும் அவரைப் பிடித்திருந்தன.